துணி கட்டாத ஒயர்

ஜனவரி 2, வியாழன்

இந்த டைரி என் வீட்டுக்காரருக்கு வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தார்களாம். அவர் கையில் எந்நேரமும் கிரீஸ். "துளசி, நான் சொல்றத எழுதி வெய்யி. எந்த ஒயர் எங்க போகுதுன்னு நாளைக்கு மறந்துரும்" என்று என்னிடம் தந்துவிட்டார். அஞ்சாவது படித்தவளுக்கு எஞ்சினியர் உத்தியோகம். சம்பளம் என்னவென்று கேட்டேன். முறைத்தார்.

வண்டி பழைய ஃபியட். சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டின தகரக் கொட்டகையில் நிற்கிறது. இவர் டிரைவராக இருந்த மில் முதலாளியுடையது. மில்லை மூடியபோது முதலாளியின் பையன்கள், "மயில்சாமி, வேணும்னா இதை எடுத்துக்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியையும் சேர்த்துத்தான் கொடுத்தார்களா என்று நான் கேட்டேன். அதற்கும் முறைத்தார்.

தகர வேலை, பெயிண்ட் எல்லாம் முடிந்து இப்போது ஒயரிங். பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்திருக்கிறார். தறி மோட்டாருக்கு வாங்கின மஞ்சள் ஒயர் ஒரு சுருள் சும்மா கிடந்ததென்று எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிட்டார். ஹாரனும் மஞ்சள், லைட்டும் மஞ்சள், எஞ்சினுக்குப் போவதும் மஞ்சள். "ஏனுங்க, கல்யாணத்துக்கு வந்த பொம்பளைங்க எல்லாரும் ஒரே சேலை கட்டியிருந்தா, உங்க பொண்டாட்டிய எப்புடிக் கண்டுபுடிப்பீங்க?" என்றேன். "உன்ற வாய வெச்சுக் கண்டுபுடிச்சுருவன்" என்றார்.

நான் பிளவுஸ் தைக்கிறவள். வெட்டின துணி வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு துண்டு கட்டினேன். ஹாரனுக்குச் சிவப்பு. முன்லைட்டுக்குப் பச்சை. பின்லைட்டுக்கு ஊதா. சாவியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ஒயருக்கு, சிந்துவின் பழைய பாவாடையில் பூப்போட்ட துண்டு.

ஜனவரி 5, ஞாயிறு

வண்டி பிடித்துவிட்டது!

ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. பிறகு விசைத்தறிக் குடோனில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓட ஆரம்பித்ததுபோல் ஒரு சத்தம். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். புகை பின்னால் வந்தது. இவர் முன்னால் நின்றார்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். "சிந்துவ இதுலதான் கூட்டிட்டு வரோணும்" என்றார். அவராகவே சொன்னார். நான் கேட்டு வாங்கின வார்த்தை இல்லை.

சிந்துஜா எங்களுக்கு ஒரே பெண். தாராபுரத்தில் இருக்கிறாள். அவளாகப் பார்த்துக்கொண்ட கல்யாணம். மாப்பிள்ளை நம்ம ஆட்கள் இல்லை. கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று இவர் சொல்லவில்லை. "பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்குப் பார்த்து முதலாளி வீட்டில் வேலை வந்துவிட்டது. நான் மட்டும் போய் வந்தேன்.

இப்போது அவளுக்கு ஏழாவது மாதம். கட்டுச்சோறு செய்து எடுத்துக்கொண்டு அப்பனும் ஆத்தாளும் போய், அந்த வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். "நீங்க முறையா வந்து கூப்புட்டா நாளைக்கே அனுப்பறனுங்க. வராம எப்புடிங்க அனுப்பறது?" என்கிறார் சம்பந்தியம்மா. நியாயம்தானே.

ஜனவரி 12, ஞாயிறு

பின்சீட்டைப் பிரித்து ஸ்பாஞ்ச் இன்னொரு அடுக்கு வைத்துத் தைக்கச் சொன்னார். "வேகத்தடையில ஏறி எறங்கறப்ப வயித்துல இடிக்கப்படாது" என்றார். என் மிஷினில் ஊசி மூன்று ஒடிந்தது. தைத்துவிட்டேன். உட்கார்ந்து பார்த்தேன், முதலாளியம்மா மாதிரி இருந்தது. "டிரைவர், வண்டிய எடு" என்றேன். கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்கம்மா, வண்டி கோளாறு" என்றார்.

மில்லில் இருந்தபோது அப்படித்தானாம். தீபாவளிக்கு முந்தின நாள் முதலாளியம்மா ஊட்டிக்குப் போகலாம் என்பார். முடியாது என்று சொல்ல முடியுமா? எஞ்சினுக்குக் கரண்டு கொண்டுபோகிற காயில் ஒயரைக் கொஞ்சம் லூஸாக்கிவிட்டு, "கரண்டு வரலீங்கம்மா, என்னன்னு பாக்கறனுங்க" என்று பானெட்டைத் திறந்து குனிந்துகொள்வாராம். தீபாவளி முடிந்ததும் கரண்டு வந்துவிடும். "டிரைவருக்கு வாய் கெடையாது துளசி. வண்டிக்குத்தான் வாய்" என்று சொல்லிச் சிரித்தார். வயிறு வலிக்க நானும் சிரித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

இவருடைய அண்ணன் வந்திருந்தார். ஆறுச்சாமி என்று பெயர். நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். குலதெய்வக் கோயிலில் இவர் வைத்ததுதான் சட்டம். கொட்டகைக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தார். டயரை ஒரு உதை.

"என்ரா மயிலு, ஜோராப் பண்ணிட்ட."

"ஏதோ ஆச்சுங்கண்ணா."

"இதுலதான் தாராபுரம் போறீங்களாமா?"

இவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"போறதுன்னாப் போ. உன்ற பொண்ணு, உன்ற இஷ்டம். யாரு வேண்டாங்கறா? சித்திரைப் பொங்கலுக்குக் கோயில்ல பொங்க வெக்கறவங்க பேரெழுதப் போறாங்க, அதுக்காவச் சொல்றன். அந்த வீட்டுல கை நனைச்சுட்டு வந்து நம்ம சாமிக்குப் பொங்கப்பானை தொட்டா, நாலு பேரு பேசுவாங்க. நான் பேச மாட்டன். ஆனா பேசுவாங்க."

"பாத்துக்கலாமுங்கண்ணா."

நான் டீயைக் கொண்டுபோய் நீட்டினேன். "சர்க்கரை போதுங்களா பெரிய மாமா? மூஞ்சி கசக்கற மாதிரி இருக்குது." அவர் சிரித்துவிட்டார். அந்த மனிதருக்குச் சிரிக்கவாவது தெரியும். இவர் சிரிக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

மதியம் பரணில் ஏறி எதையோ உருட்டினார். கேட்டதற்கு ஸ்பேனர் என்றார். ஸ்பேனரெல்லாம் கொட்டகையில்தானே இருக்கிறது.

பிறகு கொட்டகையில் மஞ்சள் ஒயர் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். துணித்துண்டு எடுத்துக்கொண்டு போனேன். "இதுக்கு வேண்டாம் போ" என்றார்.

பிளவுஸ் இரண்டு. சேலை ஓரம் நாலு.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாளைக்குக் கட்டுச்சோறு. புளி கரைத்தாயிற்று, தேங்காய் துருவியாயிற்று. வளையல், பூ, புடவை எல்லாம் தாம்பாளத்தில். சிந்து போன் செய்தாள்.

"அப்பா என்னம்மா பண்றாரு?"

"உன்ற அக்காளக் குளிக்க ஊத்திட்டு இருக்கறாரு." காரை நாங்கள் அப்படித்தான் சொல்வது. அவள் பிறப்பதற்கு முன்னாலேயே மில்லுக்கு வந்த வண்டி, அதனால் அக்கா.

"நெசமாலுமே வர்றாராம்மா?"

"வராம? பின்சீட்டுல உனக்கு மெத்தையே போட்டிருக்கறாரு. ஏறுனயின்னா தாராபுரத்துல தூங்கி சோமனூர்லதான் முழிப்ப."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். வயிற்றுப்பிள்ளையோடு அழக்கூடாது என்று மிரட்டி போனை வைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

போகவில்லை.

விடிவதற்கு முன்னால் எழுந்து ஐந்து வகைச் சோறும் கிளறி, போசியில் அடைத்து, வாழையிலை போட்டு மூடி, பின்சீட்டில் வைத்தேன். இவர் வெள்ளை வேட்டி கட்டி வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுத்தது. கிர்ர், கிர்ர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"டாக்ஸி கூப்புடலாமுங்க" என்றேன்.

"நான் வண்டியோட்டியே காலத்த ஓட்டுனவன். என்ற பொண்ண வாடகை வண்டில கூட்டிட்டு வரோணுமா?"

"அப்ப பஸ்ல போலாமுங்க. போசிய நான் தூக்கிக்கறன்."

அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். "கெளம்பற நேரத்துல வண்டி நின்னுருச்சு. மாசமா இருக்கறவளக் கூப்புடப் போற காரியம். சகுனம் பாக்க வேண்டாமா? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

சகுனம் என்று சொன்னபிறகு எந்த ஆத்தாள் கிளம்புவாள்? பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

சம்பந்தியம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். "வண்டி கோளாறுங்க" என்றேன். "வந்தவங்களுக்கு எல போட்டாச்சுங்களே" என்றார். "சிந்துகிட்ட நானே சொல்லிக்கறனுங்க" என்று போனை வைத்தார். பெரிய மனசு.

சோற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். புளிச்சோறு நன்றாக இருந்தது என்று எதிர்வீட்டில் போசியைக் கழுவித் தந்தார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வண்டி ஒரே திருப்பில் பிடித்துவிட்டது. டீக்கடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தார். யாரும் எதையும் கழற்றவில்லை, மாட்டவில்லை.

"உங்க மூத்த பொண்ணுக்கு விருந்துக்குப் போறதுன்னா வெக்கமுங்களாட்ட இருக்குது" என்றேன்.

"லூஸ் கனெக்‌ஷன். வரும், போகும்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோளாறு தேடுகிற நாள். இன்றைக்கும் பிடிக்கவில்லை. நான் விளக்கு பிடித்தேன். டெஸ்ட் விளக்கு என்றால் பெரிய சாமான் இல்லை. ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர். ஒன்றை வண்டி இரும்பில் கவ்வ வைத்துவிட்டு இன்னொன்றால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். கரண்டு இருந்தால் பல்பு எரியும்.

பேட்டரியில் எரிந்தது. சாவிக்கு உள்ளே போகிற இடத்தில் எரிந்தது. சாவியைத் திருப்பினால், வெளியே வருகிற இடத்திலும் எரிந்தது. எஞ்சின் பக்கம் காயில் என்று ஒன்று இருக்கிறது, டப்பா மாதிரி. அங்கேதான் கரண்டு போய்ச் சேர்ந்து பெருகி பிளக்குக்குப் போகுமாம். அங்கே தொட்டேன். எரியவில்லை.

இவர் காயிலைக் கழற்றி வேறு காயில் மாட்டினார். பிடிக்கவில்லை. பிளக் எல்லாம் கழற்றித் தேய்த்தார். பிடிக்கவில்லை. பாயிண்ட் மாற்ற வேண்டும் என்றார்.

"ஏனுங்க, தொட்டிக்கே தண்ணி வரல. கொழாய மாத்தி என்னுங்க பண்றது?"

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பல்புக்குத்தான் தெரியுது. சாவிகிட்ட எரியுது, காயில்கிட்ட எரியல. நடுவுல ஒரே ஒரு ஒயரு. பூப்போட்ட துணி கட்டுனது. அத மாத்திட்டாத் தீந்துது."

"அந்த ஒயரு நல்லாத்தான் இருக்குது" என்று பானெட்டைச் சாத்திவிட்டார்.

சாயந்திரம் காயில் பக்கம் பார்த்தேன். பூப்போட்ட துணி அங்கே இல்லை. துணி கட்டாத மஞ்சள் ஒயர்தான் மாட்டியிருந்தது. அது எஞ்சினிலிருந்து நேராகச் சாவிக்குப் போகவில்லை. கால் வைக்கிற ரப்பர் விரிப்புக்கு அடியில் புகுந்து பின்பக்கமாகப் போகிறது. சாவி முன்னால் இருக்கிறது, எஞ்சினும் முன்னால் இருக்கிறது. நடுவில் இந்த ஒயருக்குப் பின்னால் என்ன சோலி? ஊர் சுற்றப் போயிருக்கும்.

பிப்ரவரி 27, வியாழன்

பாயிண்ட் மாற்றினார். வண்டி பிடித்தது. பெரிய மாமாவின் வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

மார்ச் 4, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை கட்டுச்சோற்றுக்கு மறுபடி நாள் பார்த்திருக்கிறோம். இது ஒன்பதாம் மாதம், இதற்குமேல் தள்ள முடியாது. சிந்து வந்தால் படுக்க உள்ரூமைக் கழுவிவிட்டேன். பரணிலிருந்து டேபிள் ஃபேனை இறக்கினேன். அவள் சின்னப் பிள்ளையில் அதன் முன்னால் உட்கார்ந்து 'ஆ' என்று கத்திக்கொண்டே இருப்பாள். எந்தப் பக்கம் தள்ளினால் ஓடும் என்று மறந்து மறந்து போகிறதென்று, சுவிட்சில் ஓடுகிற பக்கத்துக்குச் சிவப்பு நகப்பாலீஷால் பொட்டு வைத்திருந்தாள்.

ஃபேன் இருக்கிறது. சுவிட்சைக் காணோம். இருந்த இடத்தில் ஓட்டை.

"ஏனுங்க, ஃபேன் சுவிட்ச் எங்க?"

"எலி தின்னுருக்கும்."

"எலி திருகாணியெல்லாங் கழட்டுமுங்களா?"

"இந்தக் காலத்து எலி" என்றார்.

நல்ல பதில். நான்தான் சிரிக்க வேண்டியவள். இன்றைக்கு என்னவோ வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

போகவில்லை. போன தடவை மாதிரியே. கிர்ர், கிர்ர்.

இந்தத் தடவை போசியை நான் வண்டியில் ஏற்றவில்லை. அடுப்படியிலேயே வைத்திருந்தேன். ஏன் அப்படி வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிந்துவே போன் செய்தாள். "வண்டி கோளாறா அம்மா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டாள். "ஆமாஞ்சாமி" என்றேன். "செரி, விடும்மா. அப்பாகிட்ட ஒண்ணுஞ் சொல்லாத. அவரு மனசு கஷ்டப்படும்" என்றாள்.

அவர் மனசு.

மார்ச் 11, செவ்வாய்

இவர் சந்தைக்குப் போயிருந்தார். போசியில் ஒழுகின புளித்தண்ணீர் போன மாதமே சீட்டில் பட்டு நாறிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் கூட்டித் துடைத்தேன். பின்சீட்டு, பிறகு முன்சீட்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுக் கூட்டினேன்.

கடலைத்தோல். ஒரு பஸ் டிக்கெட். ஒரு நட்டு. வெள்ளைச் சுவிட்ச் ஒன்று, சீட்டுக்கு அடித்தட்டில் முடுக்கியிருந்தது, இரண்டு மஞ்சள் ஒயரோடு. அதில் சிவப்புப் பொட்டு. பொட்டு இல்லாத பக்கம் தள்ளியிருந்தது.

மற்றதையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பிளவுஸ் மூன்று.

மார்ச் 13, வியாழன்

பிளவுஸ் நாலு. ஒன்றுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

மார்ச் 20, வியாழன்

சாப்பிடும்போது கேட்டேன். "சாவியிலிருந்து காயிலுக்குப் புதுசா ஒரு ஒயரு நேரா இழுத்துட்டா என்னுங்க? பத்து நிமிஷ வேலை. நானே துணி கட்டித் தர்றன்."

"எல்லாந் தெரிஞ்ச மாதிரிப் பேசாத."

"தெரியாமத்தானுங்க கேக்கறன்."

தட்டிலேயே கை கழுவினார். பாதிச் சோறு தட்டில். எழுந்து கொட்டகைக்குப் போய்ப் பானெட்டைத் திறந்து குனிந்துகொண்டார். ஜன்னல் வழியே பார்த்தால் முதுகு மட்டும் தெரிந்தது. கையில் ஒரு சாமானும் இல்லை. சும்மா குனிந்துகொண்டிருந்தார், வெகுநேரம்.

மனிதருக்கு அங்கே என்ன தெரிந்ததோ. கூப்பிட்டு, "ஏனுங்க, போலாம் வாங்க, சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறன்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லாவற்றுக்கும் வாய் உண்டு என்பார்கள். இதற்கு வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிந்துவுக்கு ஆண்பிள்ளை. தாராபுரத்திலேயே, சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டாராம். வலி எடுத்ததிலிருந்து, "எங்கம்மா, எங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பிறந்தபிறகுதான் எனக்குப் போன் வந்தது. "நீங்க பதறிப்போவீங்கன்னுதானுங்க சொல்லல" என்றார் மாப்பிள்ளை. தங்கமான பையன். என்னைக் குத்தவே தெரியவில்லை.

இவர் தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தார். எதிர்வீட்டில், "எப்பப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். "வண்டி செரியானதும்" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நல்ல நேரம் பார்க்கவில்லை. சாயந்திரத்துக்குள் பிள்ளை என் மடியில். மூக்கு அப்படியே இவருடையது. கோபம் வந்தால் புடைக்கிற மூக்கு. ராத்திரி அந்த வீட்டில் சாப்பிட்டேன். ரசம் கொஞ்சம் காரம். மற்றபடி சோறு சோறாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சோமனூருக்குத் திரும்பினேன். தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அந்த வீட்டில் மேலே சுற்றுகிற ஃபேன் வெந்த காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. டேபிள் ஃபேன் ஒன்று இருந்தால் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம். கோயில் பொங்கல் முடிந்து வருகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

இவர் கேட்டார், "பையன் எப்புடி இருக்கறான்?"

"உங்களாட்டந்தான். எதையுஞ் சொல்றதில்ல, மூஞ்சிய மட்டும் சுழிக்கறான்."

போனில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். பெரிசாக்கிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி அதைப் போட்டுக்கொண்டு பார்த்தார். போனை வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

"நாளைக்கு வேணா கார்லயே போய்ப் பாத்துட்டு வரலாமுங்களா?" என்றேன். எனக்கும் ஆசை விடவில்லை பாருங்கள்.

"பொங்கல் முடியட்டும். பாத்துக்கலாம்" என்றார்.

மே 6, செவ்வாய்

பரணிலிருந்து டேபிள் ஃபேனை மறுபடி இறக்கித் துடைத்தேன். இறக்கையைக் கழற்றிக் கழுவினேன். இப்போது ஓடுகிறது.

இவருடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மே 7, புதன்

கோயில் பொங்கல். வண்டியில் எல்லாரும் போவதாக ஏற்பாடு. பெரிய மாமாவும் அவர் வீட்டம்மாவும் பட்டு உடுத்தி வந்துவிட்டார்கள். டிக்கியில் பொங்கல் பானை, வெல்லம், விறகு. இரண்டு பேரும் பின்சீட்டில் ஏறினார்கள். "மெத்தையாட்ட இருக்குதுடா மயிலு!" என்று பெரிய மாமா உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்.

"நீ ஏறலயா துளசி?" என்றார் அந்தம்மா.

"நான் அந்த வீட்டுல கை நனைச்சவளுங்க அக்கா. ஒரு வாய் ரெண்டு வாயில்ல, நல்லா வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு வந்திருக்கறன். நான் பொங்கப்பானையத் தொட்டா நாலு பேரு பேசுவாங்களாமா. பெரிய மாமா பேச மாட்டாரு. ஆனா பேசுவாங்க."

பெரிய மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு அவருக்குச் சிரிக்க வரவில்லை.

இவர் என்னைப் பார்க்காமல் சாவியைத் திருப்பினார். கிர்ர், கிர்ர். பிடிக்கவில்லை. இன்னொருமுறை. பிடிக்கவில்லை.

இவருடைய வலதுகை மெதுவாகச் சீட்டுக்கு அடியில் போனது. யாருக்கும் தெரியாமல், பழகின கை. போன கை அங்கேயே நின்றது. தடவியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. பிறகு அசையவே இல்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றேன். கையில் டெஸ்ட் விளக்கு.

"கரண்டு எங்க நிக்குதுன்னு பாக்கலாமுங்களா? நான் வெளக்குப் புடிக்கறன்."

"என்ரா ஆச்சு?" என்றார் பெரிய மாமா. "சாமி காரியத்துக்குக் கெளம்பறப்ப வண்டி நிக்கறது நல்லதில்லையே."

"ஆமாங்க பெரிய மாமா. சகுனம் செரியில்ல. எறங்கிக்கறீங்களா? இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

இவர் கதவைத் திறந்து இறங்கினார். மண்டி போட்டுச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். வெள்ளை வேட்டி மண்ணில் புரண்டது. அங்கே வேறொன்றும் இல்லை. இரண்டு மஞ்சள் ஒயர் மட்டும், நுனி சீவி, வாயைப் பிளந்துகொண்டு. அதை முறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஒரு ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எல்லாத் தறியும் ஒன்றாக ஓடின.

"எங்கடா இருந்துது கோளாறு?"

"ஒயர் லூஸுங்கண்ணா."

அவ்வளவுதான். இரண்டு நுனி. கட்டுச்சோற்றன்றைக்கும் அவ்வளவுதான்.

வண்டி வாசலைத் தாண்டியது. பக்கக் கண்ணாடியில் ஒருமுறையாவது பின்னால் பார்ப்பார் என்று நின்றேன். இருபது வருஷம் வண்டி ஓட்டினவர். கண்ணாடி பார்க்காமல் வாசலைத் தாண்டினதே இல்லை.

அதே நாள், தாராபுரத்தில்

ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு பல்லடத்தில் பஸ் மாறினேன். "அக்கா, இதுக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?" என்றார் கண்டக்டர். "மடிக் கொழந்தைக்கு எவனாச்சும் டிக்கெட் போடுவானா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜன்னலோரம் வெயில். கண்ணில் தூசி விழுந்துகொண்டே வந்தது.

சிந்து வாசலுக்கே வந்துவிட்டாள். என் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

ஃபேனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவிட்சைப் பார்த்ததும், "அய்யோ, இந்தப் பொட்டு நான் வெச்சது! இன்னும் அழியாம இருக்குது பாரேம்மா!" என்று விரலால் தடவினாள். பிறகு விரலை முகர்ந்து பார்த்தாள். "என்னம்மா கிரீஸ் வாசம் அடிக்குது?"

"எங்க வீட்டுல எது அடிக்காது? சோத்துலயே அடிக்கும்."

அவள் சிரித்தாள். பிள்ளையின் கழுத்தில் வேர்வையைத் துணியால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அக்கா வண்டிக்குக் கோளாறு கண்டுபுடிச்சாச்சாம்மா?"

என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. பொட்டு இருந்தது, ஒயர் இருந்தது, மெத்தையில் யார் உட்கார்ந்து போனார்கள் என்பதும் இருந்தது. அவளுடைய கண் அந்தத் துணியிலேயே இருந்தது.

"இல்ல சாமி" என்றேன். "அப்பா குனிஞ்சு குனிஞ்சு தேடறாரு. பாவம், முதுகே போச்சு. எங்க கரண்டு நிக்குதுன்னே தெரியல."

"அப்பாகிட்டச் சொல்லு, அவசரமில்லன்னு" என்றாள்.

பொட்டு இருந்த பக்கம் சுவிட்சைத் தள்ளினேன். ஃபேன் ஓடியது. பிள்ளை கண்ணைச் சுருக்கி, மூக்கைப் புடைத்து, காற்று வருகிற பக்கம் திரும்பினான்.